விரிசலுக்கு ஒட்டும் கண்ணாடி

மாடுகளை உள்ளே விரட்டிவிட்டு மாலக்கி கான்சிடின் இடிந்த கோபுரத்தின் சுவரில் காதை வைக்கிறார். அந்தியானால் இதுதான் வேலை. "என்ன முனகல்? மழைன்னா எனக்குந்தான் முட்டி வலிக்குது," என்று கோபுரத்தை அதட்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டை விரலால் தடவிப் பார்க்கிறார்.

கிளேர் மாவட்டத்தில் இப்படி இடிந்த கோபுர வீடுகள், அந்தக் காலத்துப் பிரபுக்களின் குட்டிக் கோட்டைகள், வயலுக்கு வயல் உண்டு. இதைக் கட்டியவனுக்கு எதிரி பயம் தலைக்கேறியிருக்க வேண்டும். வருகிறவன் மண்டையில் கல்லைப் போட வாசலுக்கு நேர் மேலே ஒரு துளை. ஏறுகிறவன் வாளை ஓங்க முடியாதபடி வலப்பக்கம் சுழலும் படிகள். அதிலும் ஒரு படி மட்டும் உயரம், அவன் இடறி விழட்டும் என்று. மழையைத் தடுக்கத்தான் ஒரு யோசனையும் இல்லை. மேல்கூரை எப்போதோ போய்விட்டது. கொடி வேர்விட்டுச் சுவரைப் பிளக்கிறது. கீழ்த்தளத்து வளைவு மட்டும் உறுதியாக நிற்கிறது. கட்டும்போது ஈரச் சுண்ணாம்பைத் தாங்கிய தட்டியின் பின்னல்கூட அதில் அப்படியே பதிந்திருக்கிறது. அதன் கீழே பசுக்கள் அசைபோடுகின்றன.

மதுக்கடைக்குப் போனால், "கோட்டை ராஜா வந்துட்டாரு, எந்திரிங்கடா!" என்று கிண்டல்.

"அரசாங்கம் காப்பாத்துற பழைய சின்னமாம். இடிச்சா ஜெயிலு, விட்டா சமாதி. வேணும்னா நீ ராஜாவா இருந்துக்கோ," என்பார் மாலக்கி. அவர் சிரிப்பதில்லை.

பிளந்த சுவர் சாய்வது அவர் வீட்டின் மேல். கண்ணாடியை முதலில் ஒட்டியது, பழஞ்சின்னங்களைப் பார்வையிட நகரத்திலிருந்து வரும் அதிகாரியம்மா. விரிசல் அகன்றால் அது உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் அக்கா டீலியா முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். "அங்க அனுப்புறதுக்கு அந்தக் கல்லத் தூக்கி என் தலையில போட்டுரு," என்று டீலியா கறாராகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடி உடைந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மாலக்கி வேறு துண்டை ஒட்டி, புதுச் சாந்து பளிச்சென்று தெரியாமலிருக்கக் கறுப்புத் தேநீரைப் பூசிவிடுகிறார். அதிகாரியம்மா வந்து, "அசையவே இல்லையே, நல்லது," என்று திரும்பிப் போகிறார். அக்காவைக் காப்பாற்றுகிறோமா, கொல்லப் பார்க்கிறோமா என்று மாலக்கிக்கே விளங்கவில்லை. அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

நேற்றுப் புயலில் மறுபடியும் உடைந்தது. அதிகாரியம்மா நாளை வருகிறார். கொட்டகை ஜன்னல்களில் கழற்ற இனிக் கண்ணாடி இல்லை. சாந்துக் கரண்டியோடு வீட்டுக்குள் வந்து செய்வதறியாமல் நின்றார்.

"டேய், இங்க வா." டீலியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அம்மாவின் படம் குப்புறக் கிடந்தது. "கொட்டகை ஜன்னல் ஒண்ணொண்ணா மொட்டையாகுது. படுத்துக் கிடக்கறவளுக்குக் கண்ணுமா அவிஞ்சு போச்சு?"

"அக்கா, விழுந்துரும்க்கா. இந்தத் தடவ நெசமாவே விழுந்துரும்."

டீலியா படத்தைக் கையிலெடுத்தார். வெண்ணெய்க் கத்தியால் படச் சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். கண்ணாடியை உருவி, போர்வை நுனியால் துடைத்து, தம்பியிடம் நீட்டினார்.