தீவுக்குப் பஸ் கிடையாது

டிரைவரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஹாரன் அடித்தும் நகராத மாட்டிடம்கூட இறங்கிப் போய் நியாயம் கேட்பாள். அவள் ஊர் கடலுக்குள் நீட்டிய ஒரு துண்டு நிலம். மூன்று பக்கமும் தண்ணீர், நாலாவது பக்கம் ஒற்றைச் சாலை, அந்தச் சாலைக்கு ஒரே பஸ். ராத்திரி அவள் வீட்டு வாசலில் நிற்கும். விடிந்தால் அவளோடு கிளம்பும்.

போன மழைக்காலத்துப் புயல் அந்தச் சாலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்த்தால் நாலாவது பக்கமும் தண்ணீர். பஸ் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் அசரவில்லை. ஊர்க்கோடியிலிருந்து உடைப்பு வரை பஸ்ஸை ஓட்டினாள். அங்கிருந்து ஜனங்கள் படகேறி அக்கரை போனார்கள்.

ஊர்க்கோடியில்தான் அவளுடைய அக்கா தனியாக இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். படகு இருக்கிறது, சரி. பஸ் இல்லையென்றால் வீங்கின காலோடு படகு வரைக்கும் யார் நடப்பது? ஊரில் வேறு வண்டியும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் டிப்போ மேலாளர் போன் செய்தார்.

“அம்மா, உங்க ஊரு இப்போ தீவு. தீபகற்பமா இருந்த வரைக்கும் நம்ம பொறுப்பு. தீவுன்னா படகு இலாகா பாத்துக்கும். தீவுக்கு பஸ் கிடையாது. அடுத்த வாரம் மிதவை வருது. வண்டியை ஏத்திட்டு நீங்களும் வந்துடுங்க, டவுன்லயே ரூட் போட்டுத் தர்றேன்.”

“போன்லயே முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

“நாலு பக்கமும் தண்ணி இருந்தா தீவும்மா. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

போனை வைத்த கையோடு கிளம்பினாள். அக்காவிடம் போய்க் கொட்டினாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, “விடுடி. எனக்காக வேலையைக் கெடுத்துக்காதே. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்” என்றாள்.

“முதல்ல வாயைக் கழுவுக்கா” என்று எரிந்து விழுந்துவிட்டு, நேரே உடைப்புக்குப் போனாள்.

கடல் வற்றும் நேரம். கையில் கம்போடு இறங்கி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் கால் புதைந்தது.

“பஸ் ஓட்டுறவளுக்குக் கடலை அளக்குற வேலை எப்பக் குடுத்தாங்க?” என்று கரையிலிருந்து அவள் வீட்டுக்காரர் சிரித்தார்.

“நக்கல் போதும். பஸ் அக்கரைக்குப் போகணும், வந்து கல்லைத் தூக்குங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார். பார்த்தவர்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். உடைந்து கிடந்த பழைய சாலையின் துண்டுகளையே உருட்டிப் போட்டு, மணல் மூட்டை அடுக்கினார்கள். கடல் பாதியை இழுத்துக்கொண்டு போகும். அடுத்த வற்றலில் மறுபடி அடுக்குவார்கள்.

மிதவை வருவதற்கு முந்தின நாள், அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்து அவள் பஸ்ஸை இறக்கினாள். படிக்கட்டுக்குத் தண்ணீர் ஏறியது. எஞ்சின் ஒரு தரம் திணறியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அக்கரை மேட்டில் சக்கரம் ஏறியபோது, பின்னால் கரையில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் காது அடைத்தது.

அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட டிப்போவுக்குள் பஸ்ஸை நிறுத்தினாள். மேலாளர் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“அடேங்கப்பா! மிதவைச் செலவு மிச்சம்மா. சாவியைக் குடுங்க.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் கேட்டதைத் தானே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறாள்! இப்படியும் ஒருத்தி புத்தி கெட்டுப் போவாளா? சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தர்றேன் சார். முதல்ல மேலிடத்துக்கு வண்டி வந்துடுச்சுன்னு சொல்லுங்க.”

அவர் உற்சாகமாகப் போன் போட்டார். “சார், தீவு பஸ் வந்துடுச்சு... மிதவை இல்ல சார், ஓட்டிக்கிட்டே வந்துட்டாங்க... தண்ணிதான் சார், ஆனா... சக்கரத்துலதான் சார்... ஆமா, தீவுதான்... அதாவது...”

மறுமுனையில் யாரோ கத்துவது அவளுக்கே கேட்டது. மேலாளர் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பஸ் வந்து போனா அது எப்படிய்யா தீவுன்னு கேக்குறாரு.”

“நானும் அதைத்தான் சார் கேக்குறேன்.”

அவர் ரூட் நோட்டை எடுத்துப் பிரித்தார். “கடல் வத்துற நேரம் பாத்து ஓட்டுங்க. ஒரு நாள் தவறினாலும் தீவுன்னு முடிச்சுடுவேன்.”

“தவறாது சார்.”

ஆஸ்பத்திரியில் அக்கா கையில் கட்டோடு சுருண்டு படுத்திருந்தாள். “வண்டியைப் புடுங்கிக்கிட்டாங்களா?”

“வெளியில நிக்குது, பாரு. சாயந்தரம் வத்தினதும் கிளம்பலாம்.”

அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: “வியாழக்கிழமை எப்போடி வத்தும்? நான் ரெடியா நிக்கணும்ல.”