கையில் மிஞ்சிய சிவப்புத் துணி

ஓட்டப் பந்தயத்தில் ஓடாமலே வேர்க்கிற வேலை ஒன்று உண்டு. மலை உச்சியில் நின்று ஆள் எண்ணுவதுதான் அது. கொடியும் விசிலுமாக வெயிலில் நின்று, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் வசவு வாங்கிய என் கூட்டாளிகளே, இது நமக்காக எழுதியது.

என்னை ஏன் பிடித்தார்கள்

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை எண்ணி வாங்குவேன், திரும்பி வருகையில் எண்ணிக் கொடுப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. எண்ண மட்டும் வரும்.

எங்கள் தோட்டம் அரநாயக்கப் பக்கம். கீழே ரப்பர், மேலே தேயிலை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் ஒரு மலை ஓட்டம் வைப்பார்கள். காலையில் ஆள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் புறப்பட்டு, மொட்டைப்பாறை வரை ஏறி, அங்கே அடையாளத்துக்கு ஒரு பட்டி வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், நாங்களும் ஓடுவோம் என்று பெண்கள் கேட்டார்கள். முந்திய வருஷம் ஒருவர் வழி தவறி அடுத்த பக்கத்துக் கிராமத்தில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். தோட்டமே அவரைத் தேடியது. அதனால் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு பெண் காணாமல் போனாலும் அடுத்த வருஷம் பெண்களுக்கு ஓட்டம் கிடையாது.

விளையாட்டுக் கழகத் தலைவர் நவம், உச்சியில் நின்று எண்ணச் சொல்லி என்னைக் கேட்டார். கூச்சத்தில் முடியாது என்றேன். ரப்பர் மலையில் பால் வெட்டும் சரசு அன்றைக்குத் தன் பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருந்தாள். ஓடக் கேட்டவர்களில் முதல் ஆள் அவள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு வருஷமா எம்புள்ளைய எண்ணி எண்ணிக் குடுக்கிறீங்க. என்னைய ஒரு நாளைக்கு எண்ண மாட்டீங்களா ஆயாம்மா?"

சட்டம் வாசித்த அன்று

ஓட்டத்துக்கு முதல் நாள் பெரட்டுக்களத்தில் நவம் சட்டங்களைத் தமிழில் வாசித்தார். தோட்டக் காவல்காரர் பியதாச அதையே சிங்களத்தில் சொன்னார். போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். குளவிக்கூடு தொங்கும் மரத்தடியில் ஓட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. நடந்துதான் போக வேண்டும். யாராவது விழுந்து கிடந்தால், பார்த்தவர் பரிசை மறந்து நிற்க வேண்டும். விசில் மூன்று தரம் கேட்டால் ஆபத்து. எல்லாருக்கும் பின்னால் பியதாச வருவார்; அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

"குறுக்குப் பாதையில போனா பரிசு இல்ல" என்று நவம் அழுத்திச் சொன்னதும், முந்திய வருஷம் முதலாவதாக வந்த காளிமுத்து எழுந்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நிஜமாகவே குழம்பித்தான் கேட்டான்: "தலைவரே, நாங்க பொறந்ததுலேர்ந்து குறுக்குலதான் வேலைக்குப் போறோம். இந்த மலையில நேர்ப்பாதைன்னு ஒண்ணு இருந்தா, அத மொதல்ல காட்டுங்க."

பரிசாக வந்த சவர்க்காரம்

பஜாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, ஓடுகிற ஒவ்வொருவருக்கும் குளிக்கிற சவர்க்காரம் ஒரு கட்டி முன்கூட்டியே கொடுத்திருந்தார். இரவு மழை பெய்தது. மழை பெய்தால் காலில் அட்டை ஏறும். அட்டைக்கு எங்கள் வைத்தியம், காலில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்ப்பது. கொழுந்து பறிக்கப் போகையில் அது நல்ல வைத்தியம்தான், ஏனென்றால் யாரும் ஓடிக்கொண்டு கொழுந்து பறிப்பதில்லை. அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேரும் இலவசச் சவர்க்காரத்தை முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை மனதாரத் தேய்த்திருந்தார்கள்.

உச்சியில் நான் ஆண்களுக்கு டியூபில் வெட்டிய கறுப்புப் பட்டியும், பெண்களுக்குச் சிவப்புத் துணியுமாக நின்றேன். பக்கத்தில் குளுக்கோஸ் தண்ணீர் வாளியோடு நானா. முதலாவதாக வந்தவனின் கால் நுரைத்துக்கொண்டிருந்தது. இரண்டாமவன் நுரைத்தபடி சறுக்கி வந்து வாளியிலேயே முட்டினான். நான் ஒரு சாக்கை விரித்து, உள்ளங்காலைத் துடைக்காதவருக்குப் பட்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. வாளியைத் தூக்கி மேட்டில் வைத்த நானா தலையில் கை வைத்துக்கொண்டார்: "குளிக்கத்தானே குடுத்தேன், வழுக்கி விழவா குடுத்தேன்?"

மிஞ்சியது இரண்டு

கடைசியாகப் பியதாச மூச்சு வாங்க ஏறி வந்தார். குளவி மரத்தடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததை மெச்சினார். வருஷம் முழுக்க அந்தப் பெண்கள் பேசாமல் போன இடம் அது ஒன்றுதானாம். தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்றார். நான் கையை விரித்துக் காட்டினேன். ஒரு கறுப்புப் பட்டி, ஒரு சிவப்புத் துணி மிச்சம். வராதவர்கள் காளிமுத்துவும் சரசுவும்.

நானா கனைத்தார். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்றால் தோட்டம் என்ன பேசும் என்று எல்லாருக்கும் தெரியும். சரசுவின் புருஷன் கீழே பெரட்டுக்களத்தில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார். நான் விசிலை எடுத்தேன். பியதாசவோடு ஏறி வந்திருந்த நவம் என் கையைப் பிடிக்காத குறைதான். "பொறுங்க ஆயாம்மா. விசில் கேட்டா தொரைக்குத் தெரிஞ்சிரும், பொம்பளைங்க ஓட்டம் இதோட சரி. எங்கயாச்சும் லயத்து வீட்டுப் பக்கம் எறங்கியிருப்பாங்க, தானா வந்துருவாங்க."

மூன்று விசில்

அவர் சொன்னதும் பெண்களுக்காகத்தான். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மடுவத்தில் ஒரு பிள்ளை குறைந்தால், தானாக வரும் என்று நான் உட்கார்ந்திருந்ததில்லை. நடந்து இறங்கினேன்; மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். சத்தத்துக்குக் குளவி கலையும், மரம் வரை ஊத முடியாது. அந்த மரத்தைத் தாண்டும் வரை நான் வைத்த ஒவ்வொரு அடியும் நீளமாக இருந்தது. தாண்டியதும் மூன்று தரம் ஊதினேன். கீழே கொடி பிடித்தவர்களும் ஊத, மலை முழுக்கக் கேட்டது. துரைக்கும் கேட்டிருக்கும்.

தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பதில் கொடுத்தது. காளிமுத்து பழக்க தோஷத்தில் குறுக்கில் ஏறி, சவர்க்காரக் காலோடு வழுக்கி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கிடந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த சரசு அவன் வழுக்கி விழுந்ததைக் கண்டு பாதையை விட்டு இறங்கியிருக்கிறாள். தலைத்துண்டால் அவன் காலைக் கட்டியிருந்தாள். அவனைத் தனியே விட மனம் வராமல் அங்கிருந்தே கூப்பிட்டுப் பார்த்தும், கான் தண்ணீரின் சத்தத்தில் பாதையில் போனவர்களுக்குக் கேட்கவில்லை. விசில் எங்களிடம் மட்டும்தானே இருந்தது.

கொழுந்துச் சாக்கில் இரண்டு கம்பு செருகி, நவமும் நானாவும் காளிமுத்துவைத் தூக்கினார்கள். நான் சரசுவைக் கீழே வரச் சொன்னேன். அவள் கையை நீட்டினாள்: "நா இன்னும் ஓடி முடிக்கலீங்க. வேணும்னா கூட வாங்க, மேல போயி அந்தச் செவப்புத் துணிய எங்கையில கட்டிவிடுங்க."

பெரட்டுக்களத்தில்

எல்லாருக்கும் பின்னால் பியதாச என்பதுதானே சட்டம். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு மறுபடியும் அவளுக்குப் பின்னால் ஏறினார். நானும் ஏறினேன். உச்சியில் உள்ளங்காலைத் துடைக்க வைத்துத்தான் துணியைக் கட்டினேன்.

சரசு கடைசியாக வந்து சேர்ந்தபோது பரிசுகள் கொடுத்து முடிந்திருந்தன. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் பிள்ளை ஓடி வந்து அந்தத் துணியைப் பிடித்து இழுத்தது. துரை என்னைப் பார்த்தார். போனவர்கள் முப்பத்தெட்டு, வந்தவர்கள் முப்பத்தெட்டு என்றேன். விசில் எதற்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாக்கில் கிடந்த காளிமுத்து முந்திக்கொண்டான்: "காணாமப் போனது நாந்தாங்க தொரை. அவ என்னையக் கண்டுபுடிச்சவ."

துரை அவனுடைய காலைப் பார்த்தார், அதில் கட்டியிருந்த தலைத்துண்டைப் பார்த்தார். ஓடிய பெண்கள் ஏழு பேரும் சிவப்புத் துணி கட்டிய கையோடு கிட்ட வந்தார்கள். துரை நவத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அடுத்த வருஷம் பொம்பளை எல்லாத்துக்கும் ஒரு விசில் குடு."

பிள்ளை மடுவத்திலும் மலை ஓட்டத்திலும் எண்ணிப் பார்த்த அளவில் சொல்கிறேன்: பெரியவர்களும் பத்திரமாகத்தான் திரும்பி வருகிறார்கள், உள்ளங்காலைத் துடைத்துவிட ஓர் ஆயா மட்டும் வேண்டும்.