லூபெக்கில் பதினொரு மணிப் படகு

வின்டர்தூரில் உள்ள எங்கள் பயண நிறுவனத்துக்காக நான் தனியே கூட்டிப்போன முதல் பஸ் டூர், வட ஜெர்மனியின் லூபெக். ஆறு சுற்றிவர ஓட, நடுவே தீவாகக் கிடக்கும் பழைய வணிக நகரம். முதலாளி அண்ணை சொல்லித்தான் அனுப்பினார்: "இது ஒழுங்கா முடிஞ்சா கோடை முழுக்க டூர் உனக்கு. பிசகினா திரும்ப ஒபிசில இருந்து டிக்கெட் அடி."

ஜூன் மாதச் சனிக்கிழமை. பதினொன்றுக்குப் படகு, நாற்பது சீட்டும் எங்களுக்கு. துறைக்குப் பத்து நிமிட நடை. அதற்கு முன் கோட்டை வாசலையும் ஒரு தேவாலயத்தையும் காட்டிவிடலாம் என்று ஒன்பதரைக்கே எங்கள் ஆற்றங்கரை ஹோட்டல் வாசலில் கொடியோடு நின்றேன். உள்ளே இருந்த எங்கள் தமிழ்ச் சனம் நாற்பது பேரில் ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ராகுகாலம் தம்பி. பத்தரைக்கு வெளிக்கிடுவம்," என்றார் ஊஸ்டரிலிருந்து வந்த செல்வி அக்கா.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் படித்தவன் அல்லவா?

"அக்கா, அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊரின்ர கணக்கு. இஞ்ச நாலே முக்காலுக்கே உதிச்சிட்டுது. உங்கட ராகுகாலம் ஒன்பதேகாலோட முடிஞ்சுது!"

அக்கா போனை எடுத்தார். "பொழுது படுறது எத்தினை மணிக்கு?"

"இரவு... பத்துக்குக் கிட்ட."

"அப்ப பகல் பதினேழு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சா, சனிக்கிழமைக்கு மூண்டாம் பங்கு. பதினொண்டு ஏழுக்குத்தான் முடியுது. நல்லகாலம் சொன்னியள்!"

"ஐயோ அக்கா, பழைய கணக்கே சரி!"

"பிழையெண்டு நீங்கள்தானே சொன்னது? தெரிஞ்சுகொண்டும் போய் ஆத்தில தாழவோ?" என்றார் அவர் கணவர்.

கெஞ்சினேன். படகுக்காரருக்கு போன் அடித்தேன். பதினொன்று என்றால் பதினொன்றுதான் என்றார். பதினொன்று ஏழுக்கு நாற்பது பேரும் வலது காலை வைத்து வெளியே வந்தபோது, எங்கள் படகு ஹோட்டலுக்கு முன்னாலேயே வெறும் சீட்டுகளோடு போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியளோ தம்பி," என்றார் அக்கா. "ராகுகாலத்தில வெளிக்கிட்ட படகு. ஒரு சனமில்லை."

அண்ணைக்கு அறிவித்தேன்.

"பத்து மணிக்கும் படகு இருக்கு. நான் ஏன் பதினொண்டுக்கு புக் பண்ணினனான் எண்டு ஒருக்காலாவது யோசிச்சியோ?"

யோசிக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க டிக்கெட் அடித்தேன். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்களுக்கு முன் இருந்தவர் போட்ட நேர அட்டவணையைத் திருத்தும் முன், அதை ஏன் அப்படிப் போட்டார் என்று கேளுங்கள். கணக்கை வாய்க்குள் வைத்திருங்கள்.