கேள்விக்குறி அக்கா விசாரித்த ஒரு சாவு

அச்சகத்தில் அவளுக்குக் கேள்விக்குறி அக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் புரூப் பார்க்கிறாள். சந்தேகம் தட்டினால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி. பதில் வராமல் தாள் மிஷினுக்குப் போகாது. விசிட்டிங் கார்டில் ‘டாக்டர்’ என்று போடச் சொன்ன ஒருவரிடம், “எந்த டாக்டர், ஊசி போடுறதா, படிச்சு வாங்கினதா?” என்று கேட்டு, வந்த வேலையை வாசலோடு அனுப்பியவள் என்று முதலாளி இன்றும் புலம்புவார்.

குடிநீர் நிலையத்துக்கு எழுபத்தைந்து வயது நிறைந்ததையொட்டி ஒரு விழா மலர் அச்சடிக்கும் வேலை வந்தது. எழுத ஆளுமில்லை, நாளுமில்லை. முதலாளி ஏ.ஐ.யிடம் கேட்டார். அது கண்மூடித் திறப்பதற்குள் நாற்பது பக்கம் கொட்டிவிட்டது. வழவழவென்ற நடை, ஒற்றுப்பிழைகூட இல்லை. அதுவே அக்காவுக்கு உறுத்தியது. பதினோராம் பக்கத்தில் நிலையத்தின் முதல் பெண் பம்ப் ஆபரேட்டரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பெருவெள்ளத்தின்போது மூன்று நாள் தன்னந்தனியாகப் பம்புகளை ஓட்டியவராம். ஒன்பது வருடத்துக்கு முன் மறைந்துவிட்டாராம்.

“இதுக்கு என்ன ஆதாரம் சார்?”

“மூணு தடவை கேட்டுட்டேன்மா. மூணு தடவையும் அதையேதான் சொல்லுது.”

“ஒரே ஆளை மூணு தடவை கேட்டா மூணு சாட்சி ஆயிடுமா?”

முதலாளி தலையைச் சொறிந்தார். “நாளைக்குச் சாயந்திரம் மிஷின்ல ஏத்தணும். அதுக்குள்ள என்ன பண்ணுவியோ பண்ணு.”

மறுநாள் காலை அவள் நிலையத்தின் பென்ஷன் பிரிவில் போய் நின்றாள். அங்கிருந்த குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார்.

“செத்துட்டாங்களா? போன மாசம்தான் நேர்ல வந்து, உயிரோட இருக்கேன்னு என் முன்னாடி கையெழுத்துப் போட்டாங்க! லிப்ட் ஓடலைன்னு என்னைத் திட்டிட்டு வேற போனாங்க.”

அவரே அந்த ஆபரேட்டருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டு, விலாசம் எழுதிக் கொடுத்தார். கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபத்து நாலு வயது. கையில் ஸ்குரூடிரைவர், மேசையில் பிரித்துப் போட்ட மின்விசிறி. எதிரே நிற்பவரிடமே அவருடைய சாவை எப்படி விசாரிப்பது? அக்கா தாளை நீட்டினாள்.

அந்த அம்மாள் படித்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப ஒன்பது வருஷமா எங்க வீட்டுக்காரருக்குச் சமைச்சுப் போடறது யாரு, பேயா?”

“உங்களுக்கு ஆயுசு நூறும்மா,” என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த அம்மாளின் சிரிப்பு சட்டென்று நின்றது. “நான் செத்தது பெரிசில்லை. தனியான்னு போட்டிருக்கே, அதான் பெரிய பொய். மிஷினுக்கு எண்ணெய் போடறவர் ஒருத்தர் என்கூட இடுப்பளவு தண்ணியில நின்னாரு. அவர் இல்லேன்னா நான் அன்னைக்கே மறைஞ்சிருப்பேன்.”

கேட்டதை எழுதிக்கொண்டதோடு அக்கா விட்டுவிடவில்லை. மறுபடி நிலையத்துக்குப் போய்ப் பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். தண்ணீர் பட்டு ஊதிப்போன பக்கங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த அம்மாளின் கையெழுத்து. அதன் கீழே, எழுதத் தெரியாத ஒருவரின் நீலக் கைநாட்டு, பக்கத்தில் அந்நாளைய குமாஸ்தா எழுதிய பெயர். ஆனால் பதிவாகியிருந்த வெள்ள நாள் மூன்றல்ல, இரண்டுதான். அந்த அம்மாளுக்குத் தயங்கித் தயங்கிப் போன் செய்தாள்.

“ரெண்டுதானா?” என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் யோசித்தார். “சொல்லிச் சொல்லியே மூணாயிடுச்சு போல. ரெண்டுன்னே போடும்மா.”

சாயந்திரம் முதலாளி பதிவேட்டின் நகலை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிலையத்துக்குப் போன் போட்டு ஒரு வாரம் தவணை வாங்கினார். மீதிப் பக்கங்களில் இருபத்து மூன்று கேள்விக்குறிகள் விழுந்தன. பதினைந்து இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. சிலவற்றுக்குக் கடைசிவரை ஆதாரம் கிடைக்கவில்லை. அவற்றை அடித்துவிட்டார்கள். மலர் ஆறு பக்கம் இளைத்தது.

எண்ணெய் போட்டவர் இப்போது உயிரோடு இல்லை; அவர் மகளைத் தேடிப்பிடித்து விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், சீருடையோடு வந்திருந்தாள். பதினோராம் பக்கத்தில் அச்சாகியிருந்த கைநாட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“எங்கப்பாவோட போட்டோ ஒண்ணுகூட வீட்டுல இல்லைங்க,” என்றாள் அக்காவிடம்.

அந்த ஆபரேட்டர் அம்மாள் அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் இழுத்து உட்காரவைத்து, “உங்கப்பா அன்னைக்கு என்னை என்ன திட்டு திட்டினாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.