முயல் டாக்டரம்மா

மலைமேல் மூஞ்சிக்கல்லில் ஜோசப்பினை முயல் டாக்டரம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரர் மரியசூசையின் மூத்த மகள். மெட்ராஸில் பெரிய பட்டம் வாங்கி, எழுபத்தைந்தாம் வருஷம் ஊருக்கே திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம்.

ஒரு முயலின் கருவை எடுத்து இன்னொரு முயலின் வயிற்றில் வைப்பாள். சிலது ஒட்டும், பலது கரைந்துபோகும். ஏன் என்பதுதான் அவள் கேள்வி. கல்யாணம் காட்சியெல்லாம் அந்தக் கேள்விக்கே போயிற்று.

முயல்களுக்கு வில்பட்டி கேரட் தழை வாங்கிப் போட்டுக் கூண்டு கழுவுவது தங்கை செல்வமேரி. அவளுக்கு மூன்று தடவை தங்கி, மூன்றும் கலைந்திருந்தது.

"முயலுக்கு ஒட்டிருச்சுன்னா எனக்கும் ஒட்டுமாக்கா?"

"மொதல்ல முயலுக்கு ஒட்டட்டும்டி. அதுக்குள்ள நீ போயி வரிசையில நிக்காத."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

எழுபத்தொன்பது டிசம்பரில், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் ஒட்டாவிட்டால் கொட்டகையை மூடவேண்டியதுதான்.

கரு வாங்கப்போகும் முயல்களைத் தனித்தனியாக அடைக்கச் சொன்னாள் ஜோசப்பின். பெண்முயல்களைச் சேர்த்துவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அது போதும், கரு வந்துவிட்டதென்று கர்ப்பப்பை ஏமாந்து முன்கூட்டியே ஆயத்தமாகிவிடும். நிஜக் கரு வரும்போது நேரம் கடந்திருக்கும். கல்யாணமாகாத அக்காள் இதைத் தங்கையிடம் எந்த வாயால் சொல்வாள்? "சேத்து விட்டா சண்டை போடும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரியில் கருக்களை வைத்தாள். நாள் எண்ணியிருந்து ஒவ்வொரு முயலின் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செல்வமேரி காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

"குளிருலதான் போச்சோக்கா? நானும் பாத்துத்தானே செஞ்சேன். கிறிஸ்மஸ் சமயம் உறைபனி கொட்டுச்சுல்ல, தனியாக் கெடந்து நடுங்குதேன்னு ராத்திரிக்கு ரெண்டு ரெண்டாச் சேத்து விட்டேன். நீ சொன்னியே, அப்படிச் சண்டையெல்லாம் ஒண்ணும் போடல. நீ வர்றதுக்குள்ள வெள்ளனே பிரிச்சு விட்ருவேன்."

ஜோசப்பின் காபியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?"

கரு கலைந்த அந்த மூன்று தடவையும், எதைத் தூக்கினாய், எங்கே நடந்தாய், என்ன தின்றாய் என்று கேட்டுக் கேட்டே ஊர் செல்வமேரியை நொறுக்கியிருந்தது.

"இல்லடி."

"பெறகு ஏன் ஒட்டல?"

ஆயுசெல்லாம் அந்தக் கேள்வியோடு கிடந்தவள், பதில் தெரிந்த அன்றைக்கு, "ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

மேலிடத்துக்கும் அவள் காரணம் சொல்லவில்லை; கொட்டகையை மூடிவிட்டார்கள். ஜோசப்பின் மலைக்குக் கீழே பாலசமுத்திரத்துப் பக்கம் டீச்சர் வேலைக்குப் போனாள். லீவுக்கு மலையேறி வந்தால் தங்கையோடு சலேத் மாதா கோயிலுக்குப் போவாள். செல்வமேரி பிள்ளை வரம் கேட்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

"எங்கக்காவுக்கு அது ஏன் ஒட்டலன்னு மட்டும் சொல்லிரு தாயே" என்று வாய்விட்டு மன்றாடுவாள்.

பக்கத்தில் முழங்காலில் நிற்கும் ஜோசப்பினுக்கு மாதாவை நிமிர்ந்து பார்க்க முடியாது.