கறுப்பு போர்டு வைத்து எடுத்த படம் என்றார் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்று பெரியப்பா போனில் சொன்னார். நல்லதும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்.

அக்கா பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஆஸ்டின் டவுனில். அப்பா தவறியபோது அக்கா பி.யூ.சி. முடித்திருந்தார், நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். மேலே படிக்க ஆசை இருந்தும், கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போனார். அங்கேயே கேமரா பிடிக்கவும் கற்றுக்கொண்டார். மண்டபத்தில் ஒரு பெண் கேமராவோடு நின்றால் மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள். அக்கா திருப்பி முறைப்பார். பிறகு வீட்டின் முன் அறையையே ஸ்டூடியோவாக மாற்றினார். என்னைப் படிக்க வைத்தது அந்த அறைதான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் மருமகனாகிவிட்டார் என்று, மறைந்த எங்கள் அம்மா கடைசி வரை மாமாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அந்த அறை சின்னது. சுவரும் வெள்ளை, கூரையும் வெள்ளை. ஒரு பக்கம் லைட் போட்டால் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முகம் பூரி மாதிரி உப்பித் தெரியும். அதற்கு அக்கா கையில் இருந்த மருந்து கறுப்பு போர்டு. ஆள் உயர தெர்மாகோல் அட்டையில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியது. லைட்டுக்கு எதிர்ப்பக்கம், கன்னத்துக்குக் கிட்டே அதை நிறுத்தினால், திரும்பி வரும் வெளிச்சத்தை அது வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கன்னத்தில் நிழல் விழுந்து, முகம் ஒடுங்கி, தாடை எடுப்பாகத் தெரியும். கடைகளுக்காகக் கண்ணாடி பாட்டிலைப் படம் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் வைப்பார். வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோன விளிம்பு கறுப்புக் கோடாக எழுந்து வரும். எவர்சில்வர் குடத்துக்கு, போர்டில் ஓட்டை போட்டு அதன் வழியே லென்ஸை நீட்டுவார். குடத்தில் ஆளும் தெரியாது, கேமராவும் தெரியாது. பாத்திரக் கடைக்காரர்கள் அக்காவை விடாமல் தேடி வந்தது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த போர்டின் குணம் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படத்தில் என் கன்னத்தைப் பாதியாக்கியது அதுதான். "ஸ்வல்ப திரும்புடி. மூச்ச இழுத்துப் பிடிக்காத, போர்டு பாத்துக்கும்" என்றார் அக்கா. கொஞ்சம் என்பதற்கு எங்கள் பெங்களூர்த் தமிழில் ஸ்வல்பதான். "படத்துல ஒல்லியா இருந்தியேம்மா" என்று என் மாமியார் இன்றும் கேட்கிறார்.

கல்யாணமாகி நான் மஸ்கட் போனேன். அக்காவுக்கு வீடியோ காலில் முகம் காட்டுவது எப்போதுமே பிடிக்காது. போன் கேமராவை அவர் மதிப்பதே இல்லை. ஸ்டூடியோவில் ஒழுங்காகப் படம் எடுத்துத்தான் அனுப்புவார். அப்படி வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நான் உடனே கூப்பிட்டேன்.

"என்னக்கா, கன்னம் ஒட்டிப் போயிருக்கு? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. கறுப்பு போர்ட ரெண்டு பக்கமும் வச்சு எடுத்தேன். எப்படி, ஹீரோயின் மாதிரி இல்ல?"

"ரொம்பக் கிட்ட வச்சிட்டே. ஸ்வல்ப தள்ளி வை."

அக்கா சிரித்தார். பக்கத்தில் மாமாவும் சிரித்தது எனக்குக் கேட்டது. வேறு வீட்டுத் தங்கையாக இருந்தால் அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பாள். நான் அந்த போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவள். அதனால் நம்பினேன். அடுத்தடுத்து வந்த படங்களையும் நம்பினேன். அக்காவுக்கு இந்த வயதில் ஒல்லியாகத் தெரிய ஆசை வந்துவிட்டது என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அப்போது அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. மாமாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும். மாடி வீட்டு அம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. "கிளம்பி வாம்மா" என்று மாமா கூப்பிட்டபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கை என்னைப் பிடிக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

இந்த மலருக்குப் படம் தேடுவதற்காக மாமா அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அனுப்பியவை எல்லாம் ஓரம் வெட்டிய படங்கள். வெட்டாத முழுப் படங்கள் அதில் இருந்தன. அக்காவின் இரண்டு பக்கமும் நின்றவை வெள்ளை தெர்மாகோல் அட்டைகள். மடியிலும் ஒன்று இருந்தது. கறுப்பு போர்டு ஒன்றில்கூட இல்லை. ஒட்டிய கன்னத்தில் வெளிச்சத்தை அள்ளிப் போட்டு, எவ்வளவு உப்ப வைக்க முடியுமோ அவ்வளவும் செய்திருக்கிறார். அத்தனைக்குப் பிறகும் அந்த முகம் அப்படித்தான் இருந்தது. மீதியை மறைக்கத்தான் கறுப்பு போர்டு கதை.

"இந்த அட்டைய யார் பிடிச்சிட்டு நின்னது மாமா?"

"நான்தாம்மா."

"அக்கா பொய் சொன்னப்போ பக்கத்துல சிரிச்சதும் நீங்கதான்."

மாமா அந்தப் படத்தை மூடினார். "நீ வந்தா அழுதுட்டே இருப்பியாம். நீ அழுதா அவளுக்கு வேலை ஓடாதாம். எடுத்த ஆர்டர முடிக்கணும், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நான் என்ன பண்றது?"

"நீங்க கூட இருந்தீங்க மாமா. நான் எங்க இருந்தேன்?"



அக்கா எனக்குத் தாய் மாதிரி என்று எழுதலாம். எழுதினால் பொய்யில்லை. ஆனால் அவர் என்னை ஏமாற்றினார். வேறு எந்தச் சாக்குச் சொல்லியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். அவர் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எடுத்து, அதை வைத்தே என் கண்ணைக் கட்டினார். போனவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் பெரியப்பா. வருகிறதே, என்ன செய்ய? ஒரு வருடமாகியும் ஆறவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த மாடி வீட்டு அம்மாவுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. மாமா அக்காவைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையாகத்தான் இருக்கும். அவருக்கும் நன்றி. அதைப் பார்க்க எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அக்கா, நான் வந்தால் அழுவேன் என்றுதானே தடுத்தாய்? அழுதிருப்பேன். அழுதுகொண்டே நீ காட்டிய இடத்தில் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். உன் வேலையும் ஓடியிருக்கும்.