அப்பா பேரை எழுதுங்க

தையல் கம்பெனியில் அவளுக்கு ஸ்குரு என்றுதான் பெயர். எண்பது மெஷின் ஓடும் கூடத்துக்கு அவள் ஒருத்திதான் மெக்கானிக். ஒரு மெஷின் மக்கர் செய்தால் அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி ஓடவைக்காமல் சாப்பிடக்கூடப் போகமாட்டாள். "ஒழுகுற குழாய் உன்னைப் பாத்தாலே நின்னுடுது" என்று கணவன் கேலி செய்வான்.

அவன் கத்தோலிக்கன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, யாரும் வற்புறுத்தாமலே, தானும் அந்தத் திருச்சபையில் சேரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் வேறொரு சபையில் வளர்ந்தவள் என்பதால், முன்பு எப்படி ஞானஸ்நானம் எடுத்தாள் என்று பங்குத்தந்தை விசாரித்தார்.

பன்னிரண்டு வயதில், ஊருக்கு வெளியே ஓர் ஆற்றில். சின்ன சபை. அப்பா, அக்கா, அவள், மூன்று பேரும் ஒரே நாளில் மூழ்கி எழுந்தார்கள். அம்மா மட்டும் "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று வீட்டோடு இருந்துவிட்டாள்.

"பாஸ்டர் என்ன வார்த்தை சொன்னார்?"

"இயேசுவின் நாமத்தினாலேன்னு மட்டும்தான் ஃபாதர்."

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவர் பெயரையும் சொல்லாததால் அது செல்லாது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு ஒரு நாள் அவளுக்கு முறைப்படி ஞானஸ்நானம், அவர்கள் வார்த்தையில் திருமுழுக்கு, கொடுத்தார்.

நெற்றி ஈரம் காய்வதற்குள் அவளுக்கு உறைத்தது. அதே ஆறு, அதே பாஸ்டர், அதே வார்த்தை. என்னுடையது செல்லாதென்றால் அப்பாவுடையது? சுவருக்குப் பெயின்ட் அடித்து இரண்டு பெண்களை ஆளாக்கிய மனிதர், இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அக்காவிடம் வாயை விட்டாள். அக்கா இன்னும் அந்தச் சபையில்தான் இருந்தாள்.

"அப்ப அப்பா சும்மா குளிச்சிட்டு வந்தார்ங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்ன?" அதோடு போனை வைத்தவள்தான், பிறகு கூப்பிடவே இல்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிரீஸ் வாடையோடு பங்கு அலுவலகத்தில் போய் நின்றாள். அப்பாவின் பெயரை எழுதிவைத்து அவருக்காக ஒரு பூசை, திருப்பலி, ஒப்புக்கொடுக்க வேண்டும். கதையைக் கேட்ட கிளார்க் பேனாவை மூடினார்.

"திருமுழுக்கு இல்லாதவங்களுக்கு எழுதுறதில்லம்மா."

"எங்க போட்டிருக்கு?"

"வழக்கம் இல்ல."

"வழக்கத்தைக் கேக்கல சார்."

"ஃபாதர் வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்." பெஞ்சில் உட்கார்ந்தாள். கிளார்க் ஃபேனை நிறுத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை.

பங்குத்தந்தை வந்தார். "உயிரோட இருக்கறவங்களோ இறந்தவங்களோ, யாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். எழுதுங்க" என்று கிளார்க்கிடம் சொன்னார். அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா இப்ப எங்க இருக்கார் ஃபாதர்?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசமாட்டேன். ஆனா அவர் எதைத் தேடி ஆத்துல இறங்கினார்?"

"கடவுளைத்தான். தண்ணின்னா அவருக்கு உசுரு போற பயம். அப்படியும் முதல் ஆளா இறங்கினார்."

"திருமுழுக்கை மனசார விரும்பியும் முறையா கிடைக்காமப் போனவங்க இருக்காங்க. அவங்களைக் கடவுள் கைவிடமாட்டார்ங்கிறதுதான் நம்ம நம்பிக்கை. வேண்டிக்கிட்டே இருங்க."

"நான் விடறதா இல்ல ஃபாதர்."

விடவும் இல்லை. மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் உதடு அசைந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை அப்பாவின் பெயர் பீடத்தில் வாசிக்கப்பட்டது. அன்று காலையிலேயே அக்காவின் போனுக்கு ஒரு செய்தி போகும்: "இன்னைக்கு அப்பாவுக்குப் பூசை. சாயந்தரம் ஆறரை." சண்டை, சமாதானம் எதுவும் அதில் இருக்காது. பதிலும் வராது. பதினான்கு மாதம் இப்படியே ஓடியது.

பதினைந்தாவது மாதம் அக்காவே கூப்பிட்டாள்.

"எங்க சபைல செத்தவங்களுக்காக ஜெபம் பண்றதில்ல, தெரியும்ல? அம்மாவுக்காக நான் யார்கிட்டடி போய்க் கேக்கறது? அவ ஆத்துப் பக்கமே வரலையே. அவ பேரையும் எழுதுவாங்களா?"

ஸ்குருவுக்குச் சுருக்கென்றது. தானே வேண்டாம் என்று சொல்லி, சாகும்வரை அப்படியே இருந்தவள் அம்மா. அவளுக்காகக் கேட்க, இத்தனை நாளும் தனக்கே தைரியம் வரவில்லை.

"யாருக்காகவும்னு ஃபாதர் சொல்லியிருக்கார்க்கா. எழுதவைக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை அக்கா வந்து கடைசி வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் முழங்காலிட்டபோதும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகவே இருந்தாள். அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டதும் தங்கையின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல" என்றாள் அக்கா. "அடுத்த மாசமும் வரேன்."

"வாக்கா."